வெறுப்புப் பேசும் ‘நம்மவருக்கு’ வாக்களிக்கலாமா? ஊர் வாங்கிய சத்தியமும் மனச்சான்றும்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர் ஒன்றில் வசிக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் கடலரிப்பில் வீடுகளை இழக்கிறோம். இந்தத் தேர்தலில் நிற்பவர்களில் ஒருவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி அமைக்கும் தூண்டில் வளைவு கட்டித் தருவதாக வாக்குறுதி தருகிறார். ஆனால் அக்கம்பக்கத்தில் வாழும் வேற்று மதத்தாரை மேடைக்கு மேடை இழிவாகப் பேசுகிறார். ‘நம் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்கிறார். எதிர்த்து நிற்பவர் அமைதியானவர், ஆனால் கடலரிப்பைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஊர்க் கமிட்டி முதலாமவருக்கே எல்லா வாக்கும் என்று முடிவு செய்து, மாதா கெபி (குகை வடிவச் சிற்றாலயம்) முன்பாகக் குடும்பத்துக்கு ஒருவரிடம் சத்தியம் வாங்கியது. மறுத்தால் ஒதுக்கிவைப்போம் என்றார்கள். எங்கள் வீட்டுக்காக நான்தான் சத்தியம் செய்தேன். அவருக்குப் போட்டால் பாவமா, போடாவிட்டால் பாவமா? நோட்டாவில் அழுத்தி ஒதுங்கிவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மனத்தை அதிகம் அழுத்துவது சத்தியம்தான் என்று தோன்றுவதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சத்தியம் கடவுளைச் சாட்சியாக அழைப்பது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு இதில் தெளிவாக இருக்கிறது. வஞ்சகத்தாலோ, வன்முறையாலோ, கடுமையான அச்சத்தாலோ பறிக்கப்பட்ட சத்தியம் சட்டப்படியே செல்லாது என்கிறது 1200ஆம் எண். பிறருக்குத் தீங்கையோ பொதுநன்மைக்குக் கேட்டையோ நேரடியாக விளைவிக்கும் செயலைச் சத்தியம் உறுதிப்படுத்தாது என்கிறது 1201ஆம் எண். ஊரை விட்டு ஒதுக்கிவைப்பதென்பது கடலை நம்பி வாழும் குடும்பத்துக்கு எத்தகைய அச்சம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சத்தியம் உங்களைக் கட்டாது என்பதே என் கருத்து. மனம் ஆறவில்லையென்றால், ஒப்புரவு அருளடையாளத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) இதைச் சொல்லி ஆறுதல் பெறுங்கள்.

அடுத்து, வாக்கு யாருடையது என்ற கேள்வி. உலக ஆயர்கள் 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற ஏட்டின் 16ஆம் எண்ணில் மனச்சான்றை மனிதரின் மிக அந்தரங்கமான கருவறை என்றும், அங்கே அவர் கடவுளோடு தனித்திருக்கிறார் என்றும் சொல்கிறது. அதே ஏட்டின் 75ஆம் எண், பொதுநன்மைக்காகச் சுதந்திரமாக வாக்களிப்பதை உரிமையாகவும் கடமையாகவும் நினைவூட்டுகிறது. அந்தக் கருவறைக்குள் கமிட்டிக்கு இடமில்லை, பங்குத்தந்தைக்கும் இல்லை. அரசியல் கட்சிகளில் குருக்கள் முனைப்பாகப் பங்கெடுப்பதைச் சட்டத்தொகுப்பின் 287ஆம் எண் பொதுவாகத் தடுக்கிறது. இன்னாருக்குப் போடுங்கள் என்று பீடத்திலிருந்து சொல்வது அவர்களுடைய பணியன்று. ஆனால் மனச்சான்று என்பது எனக்குத் தோன்றியபடி செய்வதற்கான அனுமதிச் சீட்டும் அன்று. அது இறைவார்த்தையாலும் திருச்சபையின் போதனையாலும் உண்மை நிலவரத்தை விசாரித்து அறிவதாலும் பயிற்றுவிக்கப்பட வேண்டும். அப்படிப் பயிற்றுவிக்கப்பட்டு உறுதியான தீர்ப்புக்கு வந்தபின், அதற்குக் கட்டாயம் கீழ்ப்படிய வேண்டும் என்று திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டின் 1790ஆம் எண் கூறுகிறது.

தூண்டில் வளைவையும் மேடைப்பேச்சையும் எப்படி எடைபோடுவது? வேட்பாளரின் வெறுப்புப் பேச்சைப் பலரும் அவருடைய குணக்கோளாறு போலவே எடுத்துக்கொள்கிறார்கள். ‘வாய் கொஞ்சம் அப்படித்தான், வேலை செய்வார்’ என்கிறார்கள். கத்தோலிக்கப் போதனை அதை அப்படிப் பார்க்கவில்லை. “அமைதி ஏற்படுத்துவோர் பேறுபெற்றோர்” என்பது மலைப்பொழிவின் மையத்தில் இருக்கும் வாக்கு. அமைதி என்பது போர் இல்லாதிருப்பது மட்டுமன்று, நீதியின் கனி என்று சங்கம் போதித்தது. திருத்தந்தை 23ஆம் யோவான் 1963இல் வெளியிட்ட ‘அவனியில் அமைதி’ சுற்றுமடல், உண்மை, நீதி, அன்பு, சுதந்திரம் ஆகிய நான்கின்மீது அமைதி எழும்புகிறது என்றது. மதத்தின் பெயரால் ஒருவரை வேறுபடுத்தி ஒதுக்குவது கிறிஸ்துவின் மனத்துக்கு முரணானது என்று பிற மதங்களைப் பற்றி அதே சங்கம் 1965இல் வெளியிட்ட ‘நோஸ்த்ரா ஏதாத்தே’ விளக்கம் கண்டிக்கிறது. ஆகவே அந்தப் பேச்சு கொள்கையளவிலேயே பெரிய தீங்கு. பேசுகிறவர் நம் சபையில் திருமுழுக்குப் பெற்றவர் என்பதால் தீங்கு குறைவதில்லை. நம் பெயரால் பேசப்படுவதால் நம் பொறுப்பு கூடுகிறது. உங்கள் மாவட்டத்துக்கு இது புத்தகப் பாடமும் அன்று. 1982இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட மண்டைக்காட்டுக் கலவரத்தில் உயிர்கள் போனதையும், அதன்பின் சைவ மடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளார் அந்தக் கரைக்கு வந்து அமைதிப்பணி ஆற்றியதையும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதற்காக, அவருக்கு வாக்களிக்கும் ஒவ்வொருவரும் பாவம் செய்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். அறநெறி இறையியல் இங்கே ஒரு வேறுபாடு காட்டுகிறது: ஒருவருடைய தீய நோக்கத்தை நானும் விரும்பி வாக்களித்தால் அந்தத் தீமையில் நான் பங்காளி; அந்த நோக்கத்தை வெறுத்து, வேறு கனமான காரணத்துக்காக வாக்களித்தால் என் பங்கு தொலைவானது, தகுந்த காரணம் இருந்தால் அனுமதிக்கத்தக்கது. அமெரிக்க ஆயர்கள் 2007இல் தங்கள் மக்களுக்கு எழுதிய வழிகாட்டியில் இந்த வேறுபாட்டைத்தான் பயன்படுத்தினார்கள்; இனவெறியும் அவர்கள் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட தீமைகளுள் ஒன்று. அந்தக் காரணம் உண்மையிலேயே கனமானதாக இருக்க வேண்டும். இடிந்து விழும் வீடு கனமான காரணம்தான்; அதை அற்பமென்று தொலைவிலிருந்து சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் தூண்டில் வளைவை மனு கொடுத்தும், போராடியும், வழக்குத் தொடுத்தும், யார் வென்றாலும் அவரை நெருக்கியும் பெற வழியுண்டு. ஒரு கலவரத்தில் போன உயிரைத் திரும்பப் பெற வழியில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவருக்கு வாக்களிக்க மாட்டேன். இது என் தீர்ப்பு. உங்கள் தீர்ப்பை நீங்களே செய்ய வேண்டும்.

ஊரே ஒருபக்கம் நிற்கையில் தனித்து நிற்பது ஆணவமோ என்று தயங்கினால், ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டரை நினைத்துப் பாருங்கள். இவர் ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராடேகுண்ட் என்ற சிற்றூரின் விவசாயி. 1938 மார்ச்சில் ஹிட்லர் அந்நாட்டை ஜெர்மனியோடு இணைத்துக்கொண்டு, ஏப்ரல் 10இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தினார். வாக்குச்சீட்டில் ‘ஆம்’ என்பதற்குப் பெரிய வட்டம், ‘இல்லை’ என்பதற்குச் சிறிய வட்டம். கர்தினால் இன்னிட்சர் தலைமையில் ஆயர்களே ஆதரவு அறிக்கை வெளியிட்டார்கள். அதற்காக இன்னிட்சர் ரோமைக்கு அழைக்கப்பட்டு விளக்க அறிக்கை ஒன்றில் கையெழுத்திட வேண்டியதாயிற்று. நாட்டில் 99.7 விழுக்காடு ‘ஆம்’ என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஊரில் ‘இல்லை’ என்று வாக்களித்தவர் ஃபிரான்ஸ் ஒருவரே. அதையும் மறைத்து, ஊர் முழுவதும் ஆதரவு என்று அறிவித்தார்கள். பின்னர் நாசிப் படையில் போரிட மறுத்து, மருத்துவப் பணி செய்யமட்டும் முன்வந்த அவர், மனைவியையும் மகள்களையும் விட்டு 1943 ஆகஸ்ட் 9இல் கொல்லப்பட்டார். 2007இல் திருச்சபை அவரை அருளாளராக, அதாவது புனிதர் நிலைக்கு முந்தைய படிக்கு, உயர்த்தியது. உங்கள் வேட்பாளரை நாசிகளோடு ஒப்பிட இதைச் சொல்லவில்லை. ஊரும் ஆயர்களும் ஒருபக்கம் இருந்தபோது, கணக்கில்கூட வராமல் போன அந்த ஒற்றை வாக்கை வீண் என்று திருச்சபை கருதவில்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

நோட்டாவை (‘மேற்கண்ட எவருக்கும் இல்லை’ என்ற தெரிவை) பொறுத்தவரை, உச்ச நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பால் வந்த அந்தப் பொத்தானில் அழுத்துவது பாவமன்று. எந்த வேட்பாளரையும் மனம் ஏற்காத அரிய நிலையில் அது நேர்மையான வழி. ஆனால் நோட்டாவின் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், வேட்பாளர்களில் அதிக வாக்குப் பெற்றவரே வெற்றி பெறுவார். தீங்கு குறைந்தவர் என்று நீங்கள் கருதும் ஒருவர் களத்தில் இருக்கும்போது, அதை முதல் வழியாக நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கமிட்டியை நினைத்து அஞ்ச வேண்டாம். நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று அவர்களால் அறிய முடியாது. வாக்கைப் பதிந்ததும் இயந்திரம் அச்சிடும் ஒப்புகைச் சீட்டு உங்களுக்கு மட்டும் 7 விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடும். சாவடிவாரியான கூட்டுத்தொகை வெளிவரும், எனவே ஊரில் சில வாக்குகள் மாறியது தெரியவரலாம். யாருடையவை என்பது தெரியாது. யாரேனும் கேட்டால் பொய் சொல்ல வேண்டியதில்லை. ‘வாக்கு இரகசியம்’ என்பதே உண்மையான, போதுமான பதில். மத அடிப்படையில் பகை மூட்டி வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்படி 3 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம் என்பதையும் அறிந்துவையுங்கள்.

வாக்குப்பதிவுக்கு இன்னும் நாள் இருந்தால், உங்களைப் போலவே மனம் ஒப்பாத இரண்டு மூன்று பெண்களோடு பங்குத்தந்தையைப் பாருங்கள். யாருக்குப் போடுவது என்று அவரிடம் கேட்க வேண்டாம். கெபியின் முன் இனி யாரிடமும் தேர்தலுக்காகச் சத்தியம் வாங்கக் கூடாது என்று கமிட்டிக்குச் சொல்லும்படி கேளுங்கள். அது அவர் செய்யக்கூடியது, செய்ய வேண்டியது. அந்த அமைதியான வேட்பாளர் ஊருக்கு வரும்போது, கடல் கொண்டுபோன வீடுகளைக் காட்டி, தூண்டில் வளைவுக்கு என்ன செய்வீர்கள் என்று எல்லார் முன்பும் கேளுங்கள்.