மருந்தாய்வுக்கான திறமூல மென்பொருள்கள்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி (முதுகலை வேதியியல் மாணவர்): ஐயா, எங்கள் துறையில் உரிமம் பெற்ற மென்பொருள்கள் வாங்க நிதி இல்லை. சாதாரணக் கணினி ஒன்றைக் கொண்டு மருந்துக் கண்டுபிடிப்பு ஆய்வைத் தொடங்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். மூலக்கூறுகளைக் கையாள, 2006 முதல் திறமூலமாக, அதாவது யாரும் நிரலைப் படித்து மாற்றிக்கொள்ளும்படி, கிடைக்கும் ஆர்.டி.கிட் மென்பொருள் இருக்கிறது. புரதத்தில் மூலக்கூறைப் பொருத்திப் பார்க்க ஆட்டோடாக் வினாவும், ஆய்வகங்களில் அளந்த மதிப்புகளுக்குக் கெம்பில் தரவுத்தளமும் போதும். ஆனால் இந்தப் பொருத்திப் பார்க்கும் கணிப்பில், அதாவது டாக்கிங்கில், நேரடியாக இறங்காதீர்கள். முதலில் கெம்பிலிலிருந்து ஏதேனும் ஒரு புரதத்துக்கான ஐ.சி.50 மதிப்புகளை (புரதத்தின் செயலைப் பாதியாகக் குறைக்கத் தேவையான செறிவு)ப் பதிவிறக்கிப் பாருங்கள். அலகு மாறுபடும் வரிகள், துல்லிய மதிப்பில்லாமல் 'இதைவிட அதிகம்' என்று மட்டும் குறித்தவை, ஒரே மருந்தின் வெவ்வேறு உப்புகள் ஆகியவற்றைப் பிரித்துச் சீராக்கப் பழகியவருக்கே பின்னர் எந்தக் கணிப்பையும் எடைபோடத் தெரியும்.

கேள்வி (உயிர்த்தகவலியல் ஆய்வு மாணவி): மஞ்சளில் உள்ள குர்குமினைக் கொரோனா வைரஸின் முதன்மைப் புரோட்டியேசுடன் (புரதங்களை வெட்டும் நொதி) டாக்கிங் செய்தேன்; இதில் மதிப்பு எவ்வளவு எதிர்மறையோ, பிணைப்பு அவ்வளவு வலுவானது. அதற்கு −8.1 கிலோகலோரி வந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த மருந்துக்கு −7.4 தான் வந்தது. குர்குமினே சிறந்தது என்று ஆய்வுக்கட்டுரையில் எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள் அம்மா. ஆட்டோடாக் வினாவை உருவாக்கியவர்களே, தங்கள் கணிப்பின் திட்டப்பிழை (கணிப்பு வழக்கமாக விலகும் அளவு) ஒரு மோலுக்கு ஏறத்தாழ 2.85 கிலோகலோரி என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அறை வெப்பநிலையில் 1.4 கிலோகலோரி வேறுபாடு என்பது பிணைப்பு வலிமையில் பத்து மடங்கு வேறுபாடு ஆகும். அப்படியானால் அந்தப் பிழை மட்டுமே நூறு மடங்கு வரை போகும். உங்களுக்குக் கிடைத்த 0.7 அதற்குள் அடங்கிவிடுகிறது.

வேறு சிலவற்றையும் சரிபாருங்கள். நீங்கள் எடுத்தது, புரத வடிவத் தரவுத்தளத்திலிருந்து பலரும் எடுக்கும் 6எல்.யு.7 என்ற வடிவம் என்றால், அதிலுள்ள தடுப்பி புரதத்தின் 145ஆம் இடத்து அமினோ அமிலமான சிஸ்டீனோடு சகப்பிணைப்பில் (எலக்ட்ரான்களைப் பகிரும் வலுவான வேதிப்பிணைப்பு) இணைந்திருக்கிறது. வழக்கமான டாக்கிங் அத்தகைய பிணைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால், சகப்பிணைப்பில்லாத தடுப்பியுடன் கூடிய வடிவத்தைத் தேர்ந்துகொண்டு, அந்தத் தடுப்பியை வெளியே எடுத்து மீண்டும் பொருத்திப் பாருங்கள். அது பழைய இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்து அமராவிட்டால், பிற மூலக்கூறுகளுக்குக் கிடைத்த மதிப்புகளைப் பற்றிப் பேசவே இடமில்லை. அடுத்து, ஈனால், டைகீட்டோன் என ஹைட்ரஜனின் இடம் மாறிய இரு வடிவங்களுள், குர்குமின் கரைசலில் பெரும்பாலும் ஈனால் வடிவில் இருக்கிறது. நீங்கள் டைகீட்டோனாக வரைந்திருந்தால், டாக்கிங் செய்தது வேறொரு வடிவத்தை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பல்வேறு சோதனைகளில் பொய்யான நேர்மறை முடிவு தரும் சேர்மங்களுள் குர்குமின் பெயர்பெற்றது. உடலின் பி.ஹெச். அளவில் அது நிமிடங்களிலேயே சிதையத் தொடங்குகிறது. இத்தகைய சேர்மங்களை இனங்காண 2010இல் வெளிவந்த பெயின்ஸ் வடிகட்டி ஆர்.டி.கிட்டிலேயே இருக்கிறது. உங்கள் உழைப்பு வீணாகக் கூடாது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி (சித்த மருத்துவர்): நம் மூலிகைகளின் வேதிப்பொருள்கள் ஒரே இடத்தில் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட இம்பாட் தரவுத்தளம், இந்திய மூலிகைகளையும் அவற்றின் வேதிப்பொருள்களையும் தாவர உறுப்பு வாரியாகத் தருகிறது; முப்பரிமாண வடிவங்களையும் பதிவிறக்கிக்கொள்ளலாம். நாளமில்லாச் சுரப்பிகளைக் குலைக்கும் வேதிப்பொருள்களுக்கென அதே குழு டெடக்ட் என்ற தொகுப்பையும் உருவாக்கியிருக்கிறது. நச்சியலில் ஆர்வமுள்ளவர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

கேள்வி (மருந்தியல் விரிவுரையாளர்): நச்சுத்தன்மைக் கணிப்பு மென்பொருள் 'பாதுகாப்பானது' என்று காட்டினால், அதை எந்த அளவுக்கு ஏற்கலாம்?

பதில்: எந்தக் கேள்விக்கு அது பதில் சொன்னது என்பதைப் பொறுத்தது. ஒவ்வாமைக்கான மருந்தான டெர்ஃபெனடின் வழக்கமாகக் கல்லீரலிலேயே பெருமளவு ஃபெக்சோஃபெனடினாக மாறிவிடும். கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி போன்ற மருந்தோடு சேர்த்து உட்கொண்டபோது அந்த மாற்றம் தடைப்பட்டது. மாறாத மருந்து இரத்தத்தில் தேங்கி, இதயத்தின் ஹெர்க் பொட்டாசியம் கால்வாயை அடைத்து, உயிருக்கே ஆபத்தான இதயத்துடிப்புக் கோளாற்றை உண்டாக்கியது. அமெரிக்காவில் 1998இல் டெர்ஃபெனடின் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. உடனடி நச்சுத்தன்மையை மட்டும் கணிக்கும் மாதிரி ஒன்று இந்த ஆபத்தை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

உங்கள் மூலக்கூறு அந்த மாதிரியின் பொருந்தும் எல்லைக்குள், அதாவது கணிப்பை நம்பக்கூடிய மூலக்கூறு வகைகளுக்குள், வருகிறதா என்பதையும் பாருங்கள்; கணிப்பு மாதிரிகளுக்கென 2004இல் ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) ஏற்ற ஐந்து நெறிகளுள் இதுவும் ஒன்று. ஒபேரா, வேகா ஆகிய கணிப்பு மென்பொருள்கள் கணிப்போடு அந்த எல்லையையும், சோதித்த நெருங்கிய மூலக்கூறுகளையும் சேர்த்தே காட்டுகின்றன. நான் கணிப்பைப் படிப்பதற்கு முன் அந்த அண்டை மூலக்கூறுகளைத்தான் பார்ப்பேன்.

கேள்வி (ஆய்வக மேலாளர்): இலவசம் என்றால் திறமூலம்தானே?

பதில்: இல்லை. வேதிப்பொருளின் அமைப்பிலிருந்து அதன் விளைவைக் கணிக்கும் ஓ.இ.சி.டி.யின் கியூசார் டூல்பாக்ஸ் இலவசம். ஆனால் அதன் மூலநிரல் திறந்ததன்று. நச்சுத்தன்மையை விதிகளால் கணிக்கும் திறமூலக் கருவியான டாக்ஸ்ட்ரீயின் நிரலைத் திறந்து, ஒரு மூலக்கூறு எந்த விதியால் எந்த வகுப்பில் விழுந்தது என்பதைப் படிக்கலாம். காப்புரிமை கோரவிருக்கும் மூலக்கூறை எந்த இணையச் சேவையிலும் இடாமல், உங்கள் கணினியில் நிறுவி இயக்கும் கருவிகளையே பயன்படுத்துங்கள்.