டாம் உண்மையில் ஜெர்ரியைப் பிடிக்க விரும்புவதே இல்லையா?

கேள்வி: "டாம் அன்ட் ஜெர்ரி கார்ட்டூனில் டாம் வேண்டுமென்றேதான் ஜெர்ரியைத் தப்பவிடுகிறது, எலி இல்லாமல் போனால் அந்த வீட்டில் பூனைக்கு வேலை இருக்காது என்று ரசிகர்கள் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். இதை நம்பலாமா?"

பாதியை நம்பலாம். நான் நம்பும் அந்தப் பாதியை எனக்கு முதலில் சொன்னவர் என் தாத்தா. தொண்ணூறுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), பக்கத்துக் காம்பரா (அறை) தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார். ரசிகர்களின் விளக்கம் எதையும் அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாக் குசினியில் அப்புவாக, அதாவது சமையற்காரராக, வேலை செய்தவர். அந்தப் படத்தில் எங்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்தது.

பழைய துரை மாற்றலாகிப் போனபோது அவருடைய பிள்ளைகள் விட்டுப்போன சாமான்களுக்குள் ஒரு வீடியோ கசெட் இருந்தது. தாத்தா அதை ஒரு துணியில் சுற்றி எடுத்துவந்தார். எங்கள் லயத்தில் வீடியோ டெக் இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். அந்த வீட்டு அக்கா நான்கு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தபோது கொண்டுவந்தது. மழைக்காலத்தில் பனிமூட்டம் வாசல் இஸ்தோப்பு (திண்ணை) வரைக்கும் வந்து நிற்கும். பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் அந்தக் காம்பராவுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே கசெட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்போம். ஆங்கிலம் எங்களில் யாருக்கும் தெரியாது. பேச்சு வருகிற இடங்களில் எல்லோரும் தாத்தாவைத் திரும்பிப் பார்ப்போம்.

அதில் இருந்த முதல் படம்தான் இந்த இணையின் முதல் படமும்கூட என்பதை வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். 'புஸ் கெட்ஸ் த பூட்', 1940 பெப்ரவரியில் வெளிவந்தது. வேலையை விட்டுத் துரத்தப்படுவதை ஆங்கிலத்தில் பேச்சுவழக்காக அப்படித்தான் சொல்வார்கள். ஆகவே தலைப்பே ஒரு பூனையின் வேலை பறிபோவதைப் பற்றியதுதான். அதில் பூனையின் பெயர் டாம் இல்லை, ஜாஸ்பர். ஜாஸ்பர் ஏற்கெனவே ஒரு பூச்சாடியை உடைத்துவிட்டது. வீட்டில் இருக்கும் பெண், முகம் காட்டாமல் கால்களும் செருப்பும் மட்டும் தெரிய வந்து நின்று, இன்னும் ஒரே ஒரு பொருள் உடைந்தாலும் வெளியேதான் என்று எச்சரிக்கிறாள். எலி இதைக் கேட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு எலிக்கு ஓடவே தேவையில்லை. மேசை விளிம்பில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், பூனை அப்படியே உறைந்துபோகிறது.

கடைசியில் எலி அலமாரியிலிருந்து பீங்கான் தட்டுகளை ஒவ்வொன்றாக எறிய, ஜாஸ்பர் ஒவ்வொன்றாகப் பிடித்து அடுக்கிக்கொண்டே போகும். பிள்ளைகள் எல்லோரும் கூச்சல் போட்டுச் சிரிக்கும் இடம் அது. நானும் சிரித்தேன். ஒருநாள் தற்செயலாகத் தாத்தாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளை மேலே திருப்பி, தாடையை மார்போடு இறக்கி வைத்திருந்தார். உயரமான ஓர் அடுக்கைத் தாடையால் அழுத்திப் பிடிப்பவர் இருப்பது போலவே. தன் கை அப்படி இருப்பது அவருக்கே தெரியாது. திரையில் தட்டுகள் விழுந்து நொறுங்கியபோது அவருடைய தோள்கள் ஒரு முறை குலுங்கி அடங்கின. அதற்குப் பிறகுதான் கைகளை மடியில் இறக்கினார்.

பங்களாவில் ஒரு விருந்தின்போது நீலக் கரை போட்ட பீங்கான் ஒன்று அவர் கையில் உடைந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து செட்டாக வந்தது. அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். "இன்னொன்று உடைந்தால் குசினியை விட்டு மலைக்குப் போக வேண்டியதுதான்" என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த வயதில் மலைக்குப் போய்த் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடிப்பது என்றால் என்னவென்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படத்தில் அந்தப் பெண் பூனைக்குச் சொல்வதும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான்.

அவருடைய விளக்கம் அந்தப் பெண்ணிடமிருந்துதான் தொடங்கியது. நாங்கள் எல்லோரும் அவளை வீட்டுக்காரி என்றே நினைத்திருந்தோம். "இல்லையடா, அந்த அம்மா நம்மைப் போலக் குசினிக்காரி" என்றார் தாத்தா. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சொந்தப் பீங்கான் உடைந்தால் கோபம் வரும். அந்த அம்மாவுக்கு வருவது பயம். காலைப் பார், எப்படி ஓடிவருகிறது என்று." அவளுக்கு மேலே ஒருவர் இருக்கிறார், படத்தில் அவரைக் காட்டவே இல்லை, பயம் அவரிடமிருந்து அவளுக்கும் அவளிடமிருந்து பூனைக்கும் இறங்குகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். எலிக்கு மட்டும்தான் அந்த வீட்டில் யாருடைய சம்பளமும் இல்லை. அதனால்தான் எலியால் விளையாட முடிகிறது.

இதை எதிர்ப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ரசிகர்கள் அந்தப் பெண்ணை 'மாமி டூ ஷூஸ்' என்று அழைக்கிறார்கள். அவள் வேலைக்காரியா, வீட்டுக்காரியா என்ற வாதம் இன்றைக்கும் ஓயவில்லை. 1950ஆம் ஆண்டின் ஒரு படத்தில் அவள் சனிக்கிழமை இரவு அலங்கரித்துக்கொண்டு சீட்டு விளையாடப் போகிறாள். வீடு தன்னுடையது போலவே நடந்துகொள்ளும் காட்சிகள் வேறு படங்களிலும் உண்டு. ஆனால் முதல் படத்தைப் பொறுத்தவரை நான் தாத்தாவின் பக்கம்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பூனைக்கு வேலை நிலைக்க எலி தேவை என்பதற்கு ரசிகர்கள் ஊகித்துத் திரிய வேண்டியதில்லை. 1943இல் வந்த 'த லோன்சம் மவுஸ்' என்ற படம் அதையே கதையாகச் சொல்கிறது. ஜெர்ரியின் சதியால் டாம் வீட்டிலிருந்து துரத்தப்படுகிறது. ஜெர்ரி முதலில் கொண்டாடுகிறது, கொஞ்ச நேரத்தில் சலித்துப்போகிறது. பிறகு வெளியே போய் டாமின் காதில் ஒரு திட்டத்தை ஓதுகிறது. அதன்படி ஜெர்ரி குசினிக்குள் புகுந்து அந்தப் பெண்ணைப் பயமுறுத்த, அவள் ஸ்டூல்மேல் ஏறிக்கொண்டு டாமைக் கூப்பிடுகிறாள். டாம் உள்ளே வருகிறது. சட்டி பானைகளை உருட்டி, இரண்டும் சேர்ந்து ஒரு பொய்ச் சண்டை போடுகின்றன. வேலை திரும்பக் கிடைக்கிறது, பரிசாக 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டமும் கிடைக்கிறது. சிறுவயதில் எனக்கு அடுத்து வருவதுதான் தாங்கவே இல்லை. ஜெர்ரி தன் பங்குக்கு வரும்போது டாம் கொடுப்பதில்லை.

அந்த இடத்தில்தான் ரசிகர்களின் விளக்கத்தோடு நான் பிரிகிறேன். டாம் உள்ளுக்குள் ஜெர்ரியின்மேல் அன்பு வைத்துக் காப்பாற்றுகிறது என்று பலர் கண்ணீர் வரும்படி எழுதுகிறார்கள். அன்பு இருந்திருந்தால் அந்த இனிப்புப் பண்டத்தில் ஒரு துண்டாவது ஜெர்ரிக்குப் போயிருக்கும். 1944ஆம் ஆண்டின் 'மவுஸ் ட்ரபிள்' படத்தையும் பாருங்கள். எலி பிடிப்பது எப்படி என்ற புத்தகத்தைத் தபாலில் வரவழைத்து, அத்தியாயம் அத்தியாயமாக டாம் முயற்சி செய்கிறது. கடைசியில் வெடி வெடித்து, மேகத்தின்மேல் ஏறி மேலுலகம் போகிறது. பாசாங்குக்காக யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். அந்தப் படத்துக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. மொத்தம் ஏழு ஆஸ்கார்களில் அது இரண்டாவது.

ஆக, ஒரு படத்தில் டாம் நடிக்கிறது, இன்னொன்றில் உயிரைக் கொடுத்துத் துரத்துகிறது. இரண்டும் உண்மை. 1940க்கும் 1958க்கும் இடையில் வில்லியம் ஹான்னாவும் ஜோசப் பார்பெராவும் எடுத்த 114 படங்களும் திரையரங்கில் முழுநீளப் படத்தோடு சேர்த்துக் காட்டுவதற்கான தனித்தனிக் குறும்படங்கள். முந்தையதைப் பார்த்தவரா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல், ஏழெட்டு நிமிடத்தில் தொடங்கி முடியவேண்டும். முதல் படத்துக்குப் பிறகு தொடர்ச்சியே திட்டத்தில் இல்லை. டெக்ஸாஸிலிருந்து திரையரங்குத் துறையைச் சேர்ந்த ஒரு பெண் கடிதம் எழுதி, அந்தப் பூனையும் எலியும் இன்னும் வருமா என்று கேட்டதும், படம் ஆஸ்கார் பரிந்துரை பெற்றதும் சேர்ந்துதான் இரண்டாவது படத்தைக் கொண்டுவந்தன. அப்படிப் பிறந்த தொடர் முழுவதற்கும் ஒரே இரகசியத் திறவுகோல் இருக்கிறது என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் படத்துக்குப் படம் மாறாமல் வருவது ஒன்று உண்டு. அந்த வீட்டில் இருப்பதற்குப் பூனை எதையாவது செய்து காட்டியே ஆகவேண்டும். துரத்தினாலும் நடித்தாலும் அது அதற்காகத்தான்.

வேறு இரண்டு கதைகளும் அடிக்கடி வருவதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாம் என்பது பிரித்தானியச் சிப்பாய், ஜெர்ரி என்பது ஜெர்மன் சிப்பாய் என்கிறார்கள். சிப்பாய்களுக்கு அந்தப் பட்டப்பெயர்கள் இருந்தது உண்மை. ஆனால் கார்ட்டூனுக்குப் பெயர் வந்தது ஸ்டூடியோவுக்குள் வைத்த ஒரு போட்டியில். பெயரைச் சொன்ன ஓவியருக்கு 50 டாலர் பரிசு. 'டாம் அன்ட் ஜெர்ரி' என்ற சொற்சேர்க்கை ஆங்கிலத்தில் அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. அடுத்தது, கடைசிப் படத்தில் இரண்டும் தண்டவாளத்தில் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருந்து செத்துப்போகின்றன என்பது. அந்தக் காட்சி உள்ள 'ப்ளூ கேட் ப்ளூஸ்' 1956இல் வந்தது, ஆனால் அது கடைசிப் படம் அல்ல. அதற்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. ஹான்னாவும் பார்பெராவும் எடுத்த அந்த 114இல் உண்மையான கடைசிப் படத்தில் டாமும் ஜெர்ரியும் சேர்ந்து, பார்த்துக்கொள்ள வந்தவள் தொலைபேசியிலேயே கிடக்க, தவழ்ந்து போகும் ஒரு கைக்குழந்தையைக் காப்பாற்றுகின்றன. அந்தச் சோகக் கதையைப் பரப்புபவர்கள் இதையும் ஒருமுறை பார்க்கவேண்டும்.

தாத்தா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது நான் ஹட்டனில் இருக்கிறேன். போன மார்கழி விடுமுறையில் என் மகளோடு உட்கார்ந்து பழைய படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1954இல் வந்த 'பெட் பீவ்' என்ற படம் ஓடியது. அதில் வீட்டுக்காரர்களே வருகிறார்கள், ஒரு கணவன், ஒரு மனைவி. டாமுக்கும் நாய்க்கும் போடும் சாப்பாட்டுச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று கணக்குப் பார்த்து, எலியைப் பிடிப்பது யாரோ அவர் இங்கே இருக்கலாம், மற்றவர் வெளியே என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தாத்தா படத்தில் காட்டவில்லை என்று சொன்ன மேலிடத்து ஆட்கள், கையில் கணக்கோடு, திரையில் இருந்தார்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்த நிமிடமே கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்.

மகள் வேறொன்றைக் கவனித்திருந்தாள். "அப்பா, முந்தின படங்களில் வந்த அந்த அம்மா எங்கே?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் கறுப்பினத்தவளாக வரையப்பட்டவள் என்றும், அவளைக் காட்டிய விதம் இழிவானது என்று அமெரிக்கக் கறுப்பின மக்களின் அமைப்பு எதிர்த்தது என்றும் சொன்னேன். 1952க்குப் பிறகு அவள் வரவில்லை. அவளுக்குக் குரல் கொடுத்த நடிகை லிலியன் ரண்டால்ஃபின் பெயரைப் படங்களில் போட்டதே இல்லை. அறுபதுகளில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அவளை அழித்துவிட்டு மெலிந்த வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியை வரைந்து, குரலையும் மாற்றினார்கள்.

"அப்படியென்றால் இப்போது அந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள்?" என்றாள். படத்தை நிறுத்திவிட்டு, நீலக் கரை போட்ட பீங்கானைப் பற்றி அவளுக்குச் சொன்னேன்.