கிளாட்டுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்

அம்மா, நீங்கள் கொண்டுவந்த பையில் மகளின் மார்க்‌ஷீட்டுக்கு மேலேயே ஒரு கோச்சிங் சென்டர் நோட்டீஸ் இருந்தது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதுகிற நுழைவுத் தேர்வான கிளாட்டின் பயிற்சிக்கு ஒரு தொகை, 'இன்டர்வியூ பயிற்சி'க்குத் தனியாக இன்னொன்று. கிளாட்டில் இன்டர்வியூவே கிடையாது. 2 மணி நேரம், 120 கேள்விகள், தப்பான விடைக்குக் கால் மார்க் போகும், அப்புறம் ரேங்க். இல்லாத ஒன்றுக்குக் காசு கேட்கிறவர்களுக்காக நகையை அடகு வைக்கப் போகிறேன் என்கிறீர்கள். எனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை.

தேசிய சட்டப் பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் வீட்டிலிருந்து மறுபடி எழுதட்டும் என்கிறாராம் சித்தப்பா. அங்கே வருஷச் செலவே லட்சக்கணக்கில், அதுவும் 5 வருஷம். அவரா கட்டப் போகிறார்?

அவர் வாயில் வராததைச் சொல்கிறேன்: அரசு சட்டக் கல்லூரி. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் 5 வருஷ பி.ஏ., எல்எல்.பி. நுழைவுத் தேர்வு இல்லை. ப்ளஸ் டூ மார்க்கும் இடஒதுக்கீடும்தான் கணக்கு. மதுரை, திருச்சி, கோவை மட்டுமல்ல, தேனியிலும் நாமக்கல்லிலும் ராமநாதபுரத்திலும் இருக்கிறது. வக்கீலாக பார் கவுன்சிலில் பதிவு செய்ய இந்தப் பட்டமும் தேசிய சட்டப் பல்கலைக்கழகப் பட்டமும் ஒன்றுதான். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிறகு நீதிபதித் தேர்வு எழுத ஆசைப்பட்டால் 3 வருஷம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும், இது 2025 தீர்ப்பு. அந்த 3 வருஷத்தைச் சொந்த ஊர் கோர்ட்டிலேயே, தமிழில் சாட்சி விசாரித்துக் கழிக்கலாம். குறையும் உண்டு. பெரிய கம்பெனிகள் கேம்பஸுக்குத் தேடி வராது. முதல் வருஷ லீவிலேயே ஒரு சீனியர் வக்கீலிடம் போய் நிற்க வேண்டும், கேஸ் கட்டுத் தூக்க வேண்டும்.

கிளாட் எழுத அவளுக்கே ஆசையா? டிசம்பரில் எழுதட்டும். பழைய வினாத்தாள்கள், தேர்வை நடத்துகிறவர்களின் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. தினம் ஒரு தலையங்கம் படித்து, அதில் என்ன வாதம் என்று நான்கு வரி எழுதினால் பாதிப் பயிற்சி முடிந்தது.

நாம் பேசிய முக்கால் மணி நேரமும் அவள் வாய் திறக்கவில்லை. பட்டா பிரச்சினை என்று நீங்கள் சொன்னதும்தான் பையிலிருந்து ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனுவின் நகலை எடுத்தாள். அவளே எழுதியது, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டியது. 30 நாளில் பதில் வராவிட்டால் யாரிடம் மேல்முறையீடு என்று கேட்டேன். அதிகாரியின் பதவிப் பெயரைச் சொன்னாள், கெடு முடிகிற தேதியையும் சொன்னாள்.