கேளுங்கள், சொல்கிறேன்: உலக்கை முதல் செம்மறியாடு வரை

கேள்வி: 2019 டிசம்பர் சூரிய கிரகணத்தன்று என் மாமியார் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார். நின்றது. மூடநம்பிக்கை என்றேன். “அப்படியானால் எப்படி நிற்கிறது?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஒன்றும் சொல்லியிருக்க வேண்டாம். மறுநாள் அதே தாம்பாளத்தை வைத்து, “அத்தை, இன்றைக்கும் நிறுத்திப் பாருங்கள்” என்றிருந்தால் போதும். உலக்கையின் அடியில் பூண் தட்டையாக இருக்கிறது. பாரம் அந்த வட்டத்துக்குள் இறங்கும்வரை அது சாயாது. கிரகணமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பொறுமையான கை வேண்டும். சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் ஒருமுறைகூட உலக்கையை நிறுத்திப் பார்க்காமல் மூடநம்பிக்கை என்று சொல்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். உங்கள் மாமியாராவது செய்து பார்த்தார்!

வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்காதே என்று அவர் தடுத்திருந்தால், அதுவும் சரியே. விழித்திரை பழுதாகும்போது வலிகூடத் தெரியாது. குனிந்து பார்த்திருக்கலாம். அன்று காலை ஒன்பதரை மணிவாக்கில் உங்கள் ஊரில் சூரியன் வளையமானபோது, மரத்தடியில் இலை இடுக்குகள் வழியே விழுந்த வெயிலும் சின்னச் சின்ன வளையங்களாகவே கிடந்திருக்கும். தமிழ்நாட்டில் அடுத்த வளையம் 2031 மே 21, மதுரைப் பக்கம். அத்தையையும் அழைத்துப் போங்கள்.

கேள்வி: அறிவியலைத் தமிழில் எழுத முடியுமா?
– வாசகர், சென்னை

பதில்: நூறாண்டு தாமதமாகக் கேட்கிறீர்கள். வழக்கறிஞர் பெ. நா. அப்புசாமி 1917இலேயே எழுதத் தொடங்கிவிட்டார்.

கேள்வி: மக்களுக்கு அறிவியல் தெரியாததால்தான் விஞ்ஞானிகளை நம்ப மறுக்கிறார்கள். தெளிவாக விளக்கிவிட்டால் எதிர்ப்பு அடங்கிவிடாதா?
– கல்லூரி ஆசிரியர், திருச்சி

பதில்: இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்பகுதியில் ஆடு வளர்ப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஐயா. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின் பெய்த மழையில், அந்த மலைகளில் கதிரியக்கச் சீசியம் இறங்கியது. ஜூன் மாதம் ஆடுகளை விற்கவும் அறுக்கவும் அரசு தடை போட்டது. மூன்றே வாரம் என்றார்கள் விஞ்ஞானிகள். களிமண் நிலத்தில் சீசியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், புல்லுக்கு ஏறாது என்பது அவர்கள் கணக்கு. கம்பிரியா மலை மண்ணோ கரிமச்சத்து மிகுந்த அமில மண். அதில் சீசியம் வேருக்கு ஏறி, புல்லாகி, ஆட்டின் வயிற்றுக்குள் போய், சாணமாகித் திரும்ப மண்ணுக்கே வந்தது. கடைசிப் பண்ணைகளுக்குத் தடை நீங்கிய ஆண்டு 2012.

இன்னொரு கூத்தும் நடந்தது. பென்டோனைட் என்ற கனிமத்தை நிலத்தில் தூவினால் சீசியம் குறைகிறதா என்று பார்க்க, வேலி போட்டு ஆடுகளை அடைத்தார்கள். மலையில் திறந்த மேய்ச்சலுக்குப் பழகிய ஆடு, அடைத்தால் இளைத்துப்போகும், அதை வைத்து அளந்தால் கணக்கு தப்பும் என்றார்கள் விவசாயிகள். யாரும் காது கொடுக்கவில்லை. பிறகு சோதனையே சந்தடியில்லாமல் கைவிடப்பட்டது. பக்கத்திலேயே செல்லாஃபீல்டு அணு ஆலை. 1957இல் அந்த வளாகத்தில் தீப்பிடித்ததை விவசாயிகள் மறக்கவில்லை. “சீசியம் எல்லாம் செர்னோபிலிலிருந்து வந்ததுதான்” என்று விஞ்ஞானிகள் சொன்னால் எப்படி நம்புவார்கள்?

லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் பிரையன் வின் இந்த விவசாயிகளிடம் பேசி எழுதிய ஆய்வுக்குப் பிறகுதான், மக்களைக் காலிக் குடமாக நினைத்து அறிவை ஊற்றும் போக்கைப் பலர் கேள்வி கேட்டார்கள். அந்த விவசாயிகளுக்கு அணு இயற்பியல் தெரியாதது உண்மை. விஞ்ஞானிகளுக்கு ஆடு தெரியாததும் உண்மை. முதலாவதை மட்டும் குறை என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: பள்ளியில் அறிவியல் பேச அழைத்திருக்கிறார்கள். பதற்றத்தில் வேகமாகப் பேசிவிடுவேன். ஒரு யோசனை சொல்லுங்கள்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேக்கும் அதே தொல்லை. புத்தகம் கட்டும் தொழில் பழகியவர், முறையான பட்டம் இல்லாதவர். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 19 கிறிஸ்துமஸ் உரைத்தொடர்கள் நிகழ்த்தினார். 1860இல் ஒரு தொடர் முழுவதும் மெழுகுவர்த்தியைப் பற்றியே! பேசும்போது “மெதுவாக” என்று எழுதிய அட்டையைக் கண்ணில் படும்படி வைக்கச் செய்வாராம். உங்கள் அட்டையை முன்வரிசையில் உள்ள குறும்புக்காரப் பையனிடம் கொடுங்கள். தூக்கிக் காட்டத் தவறவே மாட்டான்.