கல்லூரி வளாகக் கடைக்குத் தனிச் சட்டம் கிடையாது

கேள்வி: என் மகள் பொறியியல் முதலாண்டு படிக்கிறாள். டிராஃப்டர் (வரைபடம் போடும் கருவி), லேப் கோட், ரெக்கார்டு நோட்டு எல்லாவற்றையும் கல்லூரி வளாகக் கடையில்தான் வாங்க வேண்டும் என்றார்கள். என் போனிலிருந்துதான் பணம் அனுப்பினேன்; பதிலுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். மூன்றாம் நாளே டிராஃப்டர் ஆடுகிறது, கோட் இறுக்குகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையைக் காட்டுகிறார்கள். 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 25 ரூபாய் வாங்குகிறார்கள். புகார் செய்தால் இன்டர்னல் மதிப்பெண்ணில் கை வைப்பார்களோ என்று மகள் அஞ்சுகிறாள். என்ன செய்வது?

பதில்: முதலில் மகளின் அச்சத்தைத் தீர்ப்போம். பணம் கொடுத்தவர் நீங்கள். ஆகவே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நுகர்வோரும் நீங்கள்தான். புகார் உங்கள் பெயரில், கடையின் மீது போகட்டும். மகள் பெயரோ பதிவு எண்ணோ அதில் வேண்டியதில்லை. கடை எந்தச் சுவருக்குள் இருந்தாலும் வியாபாரம் வியாபாரம்தான்.

டிராஃப்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். திருகு தளர்ந்திருந்தாலும் அது ஆடும். எனவே எல்லாத் திருகுகளையும் இறுக்கிவிட்டு, வரைபலகையில் பொருத்தி, மகளை ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோணத்தை மாற்றாமல் கருவியைக் கீழே நகர்த்தி இன்னொரு கோடு. இரண்டும் இணையாக வராமல் ஒரு முனையில் நெருங்கினால் அது பழுதான பொருள். இதை அப்படியே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாதபோது, 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. கடையின் அந்த அறிவிப்புப் பலகை இதை மாற்றிவிடாது. பில் தராததும் அதே குற்றச்சாட்டில்தான் வரும். பணம் அனுப்பிய பதிவையும் துண்டுச் சீட்டின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

கோட் விஷயத்தில் உங்களுக்கு அவ்வளவு வலு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அளவு சேராதது பழுது ஆகாது. மடிப்புக் கலையாமல் கொண்டுபோய் வேறு அளவு கேளுங்கள். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

தண்ணீர் பாட்டிலில் சந்தேகத்துக்கே இடமில்லை. அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ‘குளிரூட்டும் செலவு’ என்ற பதிலும் செல்லாது. விலையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகத்தால் மெல்ல உரித்துப் பாருங்கள். விலையைக் குறைக்க மட்டுமே ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். தமிழகத்தில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். ரெக்கார்டு நோட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது, அதற்குப் பிறகு வாங்கிய நோட்டுக்கு வரி போட்டிருந்தால் கேளுங்கள்.

‘இங்கேதான் வாங்க வேண்டும்’ என்ற கட்டாயம் என்னை உண்மையாகவே வருத்துகிறது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய பெற்றோர், வெளியே மலிவாகக் கிடைக்கும் பொருளைக்கூடத் தேடிப் போக முடியாமல் நிற்கிறார்கள். அந்த உத்தரவின் சுற்றறிக்கையை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னவர்கள் எழுதித் தரத் தயங்குவார்கள். கட்டாயம் பல சமயம் அங்கேயே தளர்ந்துவிடும். தளராவிட்டால் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. அங்கே மட்டும் நாலைந்து மாணவர்கள் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுப்பது நல்லது.

கடைக்காரருக்கு முதலில் ஸ்பீட் போஸ்டில் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள்: வாங்கிய தேதி, தொகை, பழுது, எத்தனை நாளுக்குள் பணம் வேண்டும் என்பது போதும். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கல்லூரி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு செய்துவிட வேண்டும்.

அதுவரை மகள் சீனியர் ஒருவரிடம் டிராஃப்டரை இரவல் வாங்கிக்கொள்ளட்டும். ஆடுகிற டிராஃப்டரை யாரிடமும் பழுதுபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் சாட்சி அதுதான்.