நேரலைக்கு ஹெட்செட் மைக்: கேளுங்கள், சொல்கிறேன்

திருவிழா, கூத்து, மைதான வர்ணனை என்று நேரலை போடுகிறவர்கள் கேளுங்கள். எந்த மொடல் நல்லது, எந்தக் கடையில் மலிவு என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கேட்பதற்கு முன் ஒரு வேலை: சோதனை லைவ் ஒன்று போட்டு, வேறொரு போனில், காதில் எதுவும் மாட்டாமல், அதன் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். பாதிக் கேள்வி அங்கேயே தீரும்.

கல்லடியிலிருந்து: அண்ணன், டெஸ்க்டொப்பில் ஹெட்செட்டைக் கொழுவினா காதுக்குச் சத்தம் வருது, மைக் எடுக்குதில்ல. போனில் நல்லா வேலை செய்யுது.

பதில்: பிளக்கைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் நான்கு முனை: நுனி இடக்காது, அடுத்தது வலக்காது, மூன்றாவது ஏர்த், அடியில் இருப்பது மைக். டெஸ்க்டொப்பில் பச்சைத் துளை காதுக்கு, ரோஸ் துளை மைக்குக்கு. பச்சையில் மட்டும் செருகினால் மைக் கம்பி எங்கும் போய்ச் சேராது. ஒரு சொக்கெட்டும் இரண்டு பிளக்கும் உள்ள ஸ்பிளிட்டர் வேண்டும். இரண்டு ஹெட்போனுக்குப் பிரிக்கிற வயரும் ஏறக்குறைய இதே தோற்றம்தான், மைக் படம் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதன்பிறகும் எடுக்காவிட்டால் விண்டோஸின் பிரைவசி பகுதியில் மைக்ரோபோன் அனுமதி மூடிக் கிடக்கும்.

ஆரையம்பதியிலிருந்து: ‘ப’ சொல்லும்போதெல்லாம் டப் டப் என்று வெடிக்குது. ஸ்பொஞ் போட்டும் குறையல்ல.

பதில்: மைக் உங்கள் வாய்க்கு நேரே நிற்கிறது. பார்க்காமலே சொல்லலாம். புறங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘பெருமான்’ என்று சொல்லுங்கள், காற்று வந்து அடிக்கும். கையை மெல்ல வாய் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டே சொல்லுங்கள். ஓர் இடத்தில் காற்று நின்றுவிடும், வாய் இன்னும் பக்கத்திலேயே இருக்கும். மைக்கின் இடம் அதுதான். உதட்டோரத்திலிருந்து 2 அல்லது 3 சென்ரிமீற்றர், உதட்டு வரிசைக்குக் கொஞ்சம் பின்னால். மிக்சரில் அடிச்சத்தத்தை வெட்டுகிற லோ கட் பட்டன் இருந்தால் (80 அல்லது 100 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருக்கும்) அமுக்கிவிடுங்கள், மிச்ச வெடிப்பும் போகும்.

ஒருபக்கம் மட்டும் எடுக்கிற கார்டியொயிட் மைக் என்றால் வாயைப் பார்க்க வேண்டிய முகம் ஒன்று உண்டு. கம்பி முறுகி அது கன்னத்துப் பக்கம் திரும்பினால் குரல் மெலிந்து தூரத்தில் கேட்கும். உடனே கெயினை, அதாவது மைக் சத்தத்தைப் பெருக்கும் அளவை, கூட்டாமல் முதலில் கம்பியைப் பாருங்கள்.

காத்தான்குடியிலிருந்து: நானா, புளூடூத் ஹெட்செட்டால லைவ் செய்ய ஏலாதா? பாட்டுக்கு அருமையான சத்தம்.

பதில்: பாட்டுக் கேட்கும்போது ஒரு முறையில் ஓடுகிறது, மைக்கைத் திறந்ததும் போன்கோல் முறைக்கு மாறிவிடுகிறது. வழமையான ஹெட்செட்டுகளில் அந்த முறையில் குரல் நொடிக்கு 8000 அல்லது 16000 மாதிரிகள்தான். வீடியோவுக்கு வழக்கம் 48000. போதாததற்கு, படத்துக்குப் பிந்தியும் வரும். வயர் மைக் எடுங்கள்.

மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் வர்ணனை செய்பவர்: சனத்தின் சத்தத்தில் எங்கட குரல் அமுங்கிப்போகுது. நொய்ஸ் கேட் போட்டால் சொல்லின் கடைசி அறுபடுது.

பதில்: கேட் என்பது நீங்கள் வாயை மூடும்போது கதவை மூடுவது, அவ்வளவுதான். கதைக்கும்போது சனமும் சேர்ந்துதான் உள்ளே வரும். லைவ் அனுப்புகிற ஓபிஎஸ் மென்பொருளில் திறக்கும் அளவு −26 டெசிபல், மூடும் அளவு −32 என்று முன்கூட்டியே போட்டு வரும். தணிந்து முடிக்கிற சொல் அதற்குக் கீழே இறங்கினால் வால் அறும். மூடும் அளவை −45 அளவுக்கு இறக்குங்கள், அல்லது கேட்டையே எடுத்துவிடுங்கள்.

உண்மையான மருந்து தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இரட்டித்தால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும், சனத்தின் சத்தம் குறையாது. ஆகவே வர்ணனைக்கு டைனமிக் கார்டியொயிட் ஹெட்செட், காதை முழுதாக மூடுகிற வகை. சட்டைக் கொலரில் குத்துகிற மைக் வேண்டாம். இரண்டு பேர் வர்ணித்தால் இரண்டு மைக், இரண்டு சனல். வெளிக்காற்றுக்கு ஸ்பொஞ்சுக்கு மேல் மயிர் உறை.

அளவு: ஓபிஎஸ் மீற்றரில் குரலின் உச்சி மஞ்சளுக்குள், −20க்கும் −9க்கும் நடுவில் நிற்கட்டும். உரத்த சத்தத்தை அமுக்குகிற கொம்பிரசர் 10க்கு 1 என்று வருவதை 3க்கு 1 ஆக்குங்கள். சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் கடைசியில், −6 இல். விக்கெட் விழும்போது நீங்கள் கத்துவது அதில்தான் தாங்கும்.

ஏறாவூரிலிருந்து: லைவில் என் குரல் இரண்டு தரம் கேட்குது.

பதில்: மைக்கை ஓபிஎஸ் செற்றிங்கிலும் கொடுத்து, காட்சிக்குள்ளும் சேர்த்திருக்கிறீர்கள். ஒன்றை எடுங்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: எங்கட ஊர்க் கூத்தை லைவ் போடப்போறம். ஆடுறவங்களுக்கு ஹெட்செட். ஜெனரேட்டர் இரைச்சல் இருக்கு. ஓபிஎஸ் நொய்ஸ் சப்ரெஷன் போட்டால் சரிதானே?

பதில்: போடாதீர்கள். ஆர்என்நொய்ஸ் என்கிற அந்த வடிகட்டி கதைக்கிற குரலை வைத்துக்கொண்டு மிச்சத்தை அகற்றப் பழக்கப்பட்டது. மத்தளமும் சல்லரியும் அதற்கு இரைச்சல். இழுத்துப் பாடும் விருத்தத்தின் நடுவே குரலையே விழுங்கிவிட்டுத் திரும்பவும் துப்பும். கண்ணகி அம்மன் கோயில்களில் கண்ணகி கதையான வழக்குரை படிக்கும்போது உடுக்குக்கும் இதே கதிதான்.

அதே கேட்டவர்: வெளிநாட்டில் பார்க்கிற சனம் இரைச்சல் இரைச்சல் என்று கொமென்ட் போடுதே. மத்தளம் கொஞ்சம் குறைஞ்சால் என்ன?

பதில்: குறைவதில்லை, அடி விழும்போதெல்லாம் துண்டு துண்டாக வெட்டுப்படும். தாளம் பிசகினது போலக் கேட்கும், பழி கூத்தைப் பழக்கிய அண்ணாவியாருக்கு. ஜெனரேட்டரை வயர் எட்டுமட்டும் தள்ளி, ஒரு மதிலுக்குப் பின்னால் வையுங்கள்.

கல்முனையில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருப்பவர்: எதுக்கு இவ்வளவு? என்ர மிக்சரிலிருந்து ஒரு வயர் தாறன், லெப்டொப்பில் குத்தினால் முடிஞ்சுது.

பதில்: முடியாது, அங்கேதான் மூன்று வில்லங்கம் தொடங்கும். ஒன்று, மிக்சரிலிருந்து வருவது லைன் அளவு என்கிற பலத்த சிக்னல், லெப்டொப்பின் மைக் துளைக்கு அது பல மடங்கு அதிகம், கரகரக்கும். லைன் சத்தத்தை வாங்கி யூஎஸ்பி வழியே லெப்டொப்புக்குக் கொடுக்கிற ஒடியோ இன்டர்பேஸ் பெட்டி வேண்டும். இரண்டு, ஒரே சத்தத்தை ஒரு கம்பியில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் அனுப்புகிற பலன்ஸ்ட் அவுட்டை ஸ்டீரியோத் துளையில் நேரே குத்தினால் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் போகும். ஹெட்போனில் கேட்கும். ஒற்றை ஸ்பீக்கர் போனில் இரண்டும் கூடி ஒன்றையொன்று அழித்துவிடும். சின்ன ஸ்பீக்கரில் கேளுங்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். மூன்று, மத்தளம் ஆடுகிற களரியில் தானாகவே கேட்பதால் நீங்கள் அதை மிக்சரில் பெரிதாக ஏற்றமாட்டீர்கள். நேரில் இருப்பவருக்கு நிறைவு, லைவில் பாட்டு மட்டும் மொட்டையாக வரும்.

சவுண்ட் சேர்விஸ்காரர்: அப்ப பார்வையாளருக்கு ஒரு மிக்ஸ், லைவுக்கு ஒரு மிக்ஸா? மிக்சரில் தனி மிக்ஸ் எடுக்கிற ஆக்ஸ் ஒன்று சும்மாதான் கிடக்கு.

பதில்: அதுவேதான். அந்த ஆக்ஸை ஃபேடருக்கு (சனலின் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டைக்கு) முன்னால் எடுக்கும்படி மாற்றி, மத்தளத்துக்கு ஒரு மைக் வைத்து அந்த ஆக்ஸுக்கு மட்டும் ஏற்றுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: நல்ல கம்பனி புளூடூத் இயர்பட் என்றால்?

பதில்: காத்தான்குடிக்குச் சொன்னதுதான்.

திருக்கோவிலிலிருந்து: ஆடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மைக் பொத்திப் பிடித்த மாதிரிக் கேட்குது. மறுகா காய்ஞ்சதும் சரி.

பதில்: வியர்வை. கன்னத்தால் இறங்கிக் கம்பி வழியே மைக் வாயில் துளியாக நிற்கிறது. கம்பியை முனைக்குச் சற்று முன்னால் கீழே வளைத்துவிட்டால் துளி அந்த வளைவில் சொட்டும். ஸ்பொஞ் இரண்டு வைத்திருந்து இடையில் மாற்றுங்கள். கன்னத்தில் மருத்துவ பிளாஸ்டர் ஒரு துண்டு ஒட்டினால் கம்பியும் அசையாது. ஹெயார் டிரையரால் சூடு காட்டாதீர்கள், உள்ளே இருப்பது மெல்லிய சவ்வு. வடமோடிக் கூத்துக்குக் கிரீடத்துக்கு அடியில் தலைப்பட்டை அமராது, காதில் கொழுவும் வகை எடுங்கள். கரப்புடுப்பு என்கிற கூத்து உடைக்குள் இடுப்பில் கட்டும் டிரான்ஸ்மிட்டரின் அன்ரெனா உடம்போடு ஒட்டி மடங்கினால் சத்தம் விட்டுவிட்டு வரும்.

சம்மாந்துறையிலிருந்து: சார்ஜர் போட்டால் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல், கழட்டினால் இல்லை.

பதில்: மிக்சரும் லெப்டொப்பும் வேறு வேறு பிளக்கில் ஏர்த் எடுக்கின்றன. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் கொழுவுங்கள். போகாவிட்டால் நடுவில் டிரான்ஸ்ஃபோமர் உள்ள ஐசொலேட்டர் போடுங்கள். ஏர்த் கம்பியை வெட்டிவிடச் சொல்லி ஒருவர் வருவார். வெட்டாதீர்கள். மைக் முகத்தோடு ஒட்டியிருக்கிறது, கரன்ட் 230 வோல்ட்.

வாழைச்சேனையிலிருந்து: புளூடூத்...

பதில்: வயர்.

களுவாஞ்சிக்குடிக்காரர் திரும்ப: சரி, வடிகட்டி போடல்ல. எட்டுப் பேர் ஆடுறாங்க. எட்டு ஹெட்செட்டும் திறந்து வைக்கலாமா?

பதில்: திறந்திருக்கும் மைக் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஊளை வருவதற்கு முன் கிடைக்கும் சத்தம் 3 டெசிபல் குறையும். ஒன்றிலிருந்து எட்டென்றால் 9. வட்டக்களரியில் நாலாபக்கமும் ஸ்பீக்கர் வைப்பீர்கள், ஆடுகிறவர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் போவார். ஆகவே பாட்டு யாருக்கு என்று தெரிந்த ஒருவர் மிக்சரில் இருக்க வேண்டும். அவர் வரவுப் பாட்டு முடிந்தவரின் மைக்கை இறக்கி அடுத்தவரை ஏற்றட்டும். பிற்பாட்டுக்காரருக்கு ஹெட்செட் வேண்டாம், இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட் மைக் போதும். கெமராப் படம் லெப்டொப்புக்குக் கப்சர் கார்ட் வழியாக வந்தால் படம் பிந்தும். கெமரா முன்னால் ஒரு கைதட்டலைப் பதிந்து எத்தனை பிரேம் பிந்துகிறது என்று எண்ணுங்கள். 25 பிரேமில் ஒன்று 40 மில்லிசெக்கன். மூன்று பிரேம் என்றால், சத்தத்தைப் பிந்த வைக்கிற ஓபிஎஸ் ஒடியோ ஒஃப்செற்றில் 120. இதைக் கூத்துக்கு முதல்நாளே செய்துவிடுங்கள்.