ஒரு போன், முப்பத்தெட்டு அட்டை

அன்புள்ள ஐயா,

தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஏழாம் வகுப்பில் 38 பிள்ளைகள். ஒரு வருடமாக ஆன்லைன் கருவிகளைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். அரசின் பாடத் தளமான திக்‌ஷா, யூடியூப் சேனல்கள், வினாடி வினா செயலிகள் என்று என் போனில் இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. எதையும் இரண்டு வாரத்துக்கு மேல் வகுப்பில் தொடர முடியவில்லை. பிள்ளைகள் கையில் போன் கிடையாது. இருப்பது என் போனும் ஒரு டிவியும்தான். எனக்கான இணையவழிப் பயிற்சிகளையும் முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால், பாதி வீடியோ ஓடும்போது நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் மின்சாரப் பாடம் தொடங்குகிறேன். எந்தக் கருவியில் ஆரம்பிக்கலாம்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

போனில் உள்ளவற்றை எழுதியிருக்கிறீர்கள். மின்சாரப் பாடத்தில் பிள்ளைகள் வழக்கமாக எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதையும் எழுதியிருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும். குறையாகச் சொல்லவில்லை. நானும் முதலில் கருவியை எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற பாடத்தைத் தேடியவன்தான். பல வருடம் இயற்பியல் நடத்திய பிறகுதான் அதைத் திருப்பிப் போட்டேன். பிள்ளை தடுமாறும் இடம் ஒன்றைப் பிடியுங்கள். அதற்குத் தேவையான கருவி தானாக வரும்.

மின்சாரத்தில் அந்த இடம் எது என்று எனக்குத் தெரியும். ஒரு பேட்டரி, ஒரே மாதிரியான இரண்டு பல்பு, எல்லாம் ஒரே வரிசையில். எந்த பல்பு அதிகமாக எரியும்? முதல் பல்பு, இரண்டாவது பல்பு, இரண்டும் ஒரே மாதிரி, இரண்டுமே எரியாது. இந்த நான்கையும் கரும்பலகையில் எழுதிக் கேளுங்கள். ஏராளமான பிள்ளைகள் முதல் பல்பு என்பார்கள். “அது கரண்டைக் குடிச்சிட்டு மிச்சத்தைத்தானே அடுத்ததுக்கு விடும்?” என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். அற்புதமான தவறு அது. தண்ணீர்க் குழாயையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்த பிள்ளை அப்படித்தான் யோசிக்கும். கரண்ட் எங்கேயும் தீர்வதில்லை, போன அளவே திரும்பி வருகிறது, பல்பில் செலவாவது ஆற்றல்தான் என்று நாம் பத்து முறை சொன்னாலும் அந்த வாய்க்கால் அவள் மனதைவிட்டுப் போகாது.

சரி, 38 பேரில் யார் யார் மனதில் அந்த வாய்க்கால் ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கை தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்குவார்கள். இந்த இடத்தில் உங்கள் ஒரு போன் போதும். பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு காகித அட்டை. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கறுப்புக் கட்டம். அட்டையின் நான்கு பக்கமும் நான்கு விடைகள். தன் விடைக்குரிய பக்கம் மேலே வரும்படி பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் மெதுவாக ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். அட்டைக்கு அட்டை கட்டம் மாறுவதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்புவது லேசல்ல. அட்டையைப் பளபளப்பாக லேமினேட் செய்துவிடாதீர்கள், வெளிச்சம் பட்டால் கேமராவுக்குத் தெரியாது. யார் என்ன விடை சொன்னார்கள் என்பதைப் பெயரோடு டிவியில் காட்டவே வேண்டாம். தவறாகச் சொன்ன பிள்ளை அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டாள்.

நெட் வராத நாளில்? கண்ணை மூடிக்கொண்டு, விரல்களை நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பெயர் வாரியாகப் பதிவாகாது, ஆனால் வகுப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

அதற்கு அடுத்து செய்ய வேண்டியதுதான் முக்கியம். விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1991 முதல் இதை ஒரு முறையாகவே வளர்த்தார். கேள்வி கேட்பார், ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்வார்கள். ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்லிவிட்டு மறுபடியும் விடை கேட்பார். அதற்குக் கீழே போனால் பாடத்தையே திரும்ப எடுக்க வேண்டும். மேலே போனால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். “சரியாகத் தெரிந்த பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதானே” என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. 2009ல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் மரபியல் வகுப்பில் செய்த ஆய்வு ஒன்று சயின்ஸ் இதழில் வந்தது. குழுவில் ஒருவருக்குமே முதலில் விடை தெரியாதபோதுகூட, பேசிய பிறகு அதே கருத்தைப் பற்றிய புதிய கேள்விக்குச் சரியாகச் சொன்னவர்கள் கூடினார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள். ஏழாம் வகுப்பில் நான் பார்த்ததும் அதைத்தான். அந்த மூன்று நிமிடச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்தால் உள்ளே அழைத்து உட்காரச் சொல்லுங்கள்.

இப்படி மறுபடியும் விடை கேட்கும் இரண்டாவது ஓட்டு முடிந்ததும் டிவியைப் போடலாம். ஃபெட் என்ற தளத்தில் மின்சுற்று கட்டிப் பார்க்கும் பயிற்சி இருக்கிறது. இயற்பியலில் நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002ல் தொடங்கியது அந்தத் தளம். தமிழிலும் பல பயிற்சிகள் உண்டு. தரவிறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும். இரண்டு பல்பையும் மாட்டி, முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், கடைசியில் என்று மூன்று இடத்தில் கரண்டை அளக்கும் அம்மீட்டர் வையுங்கள். மூன்றிலும் ஒரே எண். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நகர்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட மட்டும்தான் எனக்குத் திரை வேண்டும்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். நிஜ டார்ச் பல்பு இரண்டு வாங்கி மாட்டிக் காட்டுங்கள். அநேகமாக ஒன்று கொஞ்சம் கூடுதலாக எரியும்! “பாத்தீங்களா டீச்சர், முதல் பல்புதான்” என்று வகுப்பு குதிக்கும். பதற வேண்டாம். இரண்டு பல்பையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். பிரகாசமான பல்பு எங்கே வைத்தாலும் பிரகாசமாகவே எரியும். கடையில் வாங்கிய இரண்டு பல்பு அச்சு அசலாக ஒன்றாக இருக்காது, வித்தியாசம் பல்பில்தான், இடத்தில் இல்லை. திரையில் வரும் பல்புகள் ஒரே அச்சு என்பதால் இந்தப் பாடத்தை அவை தரவே தராது. என் பணிக்காலத்தில் எனக்கு மிகப் பிடித்த பத்து நிமிடம் இந்த இடமாற்றம்தான்.

அப்புறம் உங்கள் பயிற்சிகள். வீடியோ ஓடும்போது நோட்டு திருத்தியதற்காக வருத்தப்படாதீர்கள். நோட்டு நாளைக்குள் முடிய வேண்டியது, வீடியோவை எப்போது பயன்படுத்துவீர்கள் என்று யாருக்கும் தெரியாது. நமக்குத் தேவைப்படும் நாளில் கிடைக்காத பயிற்சி மனதில் நிற்காது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் உங்களைப் போல ஏழாம் வகுப்பு எடுக்கும் இரண்டு பேர் இருப்பார்கள். மூவரும் மாதம் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அவரவர் வகுப்பில் கேட்டு, முதல் ஓட்டு எத்தனை, இரண்டாவது ஓட்டு எத்தனை, பிள்ளைகள் என்ன காரணம் சொன்னார்கள் என்று வாட்ஸ்அப்பில் போட்டுக்கொள்ளுங்கள். காரணத்தைப் பிள்ளைகள் வாயில் வந்தபடியே எழுதுங்கள். திக்‌ஷாவில் தேடுவதையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எதைத் தேடுகிறோம் என்று அப்போது தெரிந்திருக்கும்.

மற்ற செயலிகளை இப்போதைக்கு மடித்து வைத்துவிடுங்கள். அடுத்த வாரம் இரண்டு பல்பு கேள்வியைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். முதல் ஓட்டில் எத்தனை பேர், இரண்டாவதில் எத்தனை பேர், கடைசி பெஞ்சிலிருந்து என்ன காரணம் வந்தது. அந்தக் காரணத்துக்காகத்தான் காத்திருக்கிறேன்.

அன்புடன்.